காவேரிப்பட்டணத்தில் பூட் ஆகி, பர்கூரில் பூட் ஆகாத மடிக்கணினி

காவேரிப்பட்டணத்தில் என் வீட்டு மேசையில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பூட் ஆன, அதாவது தொடங்கி இயங்கிய, மடிக்கணினி, கிருஷ்ணகிரியில் பேருந்து மாறிப் பர்கூரில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்த இரண்டாம் நாளே, கறுப்புத் திரையில் ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. திரும்ப என் வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை செய்தது. அங்கே போனால் நின்றது. இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ முற்படும் வேறொருவருக்கு அந்த மூன்று ஞாயிறுகளாவது மிச்சமாகட்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுபவன். மாங்காய் வரத்து இருக்கும் மாதங்களில் எங்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது; பருவம் முடிந்த பிறகுதான் வீட்டு வேலைகளுக்குக் கை கிடைக்கும். அக்கா மகள் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு சேர்ந்திருந்தாள். சி மொழி நிரல்களை வீட்டில் எழுதிப் பார்க்க அவளுக்கு ஒரு கணினி வேண்டியிருந்தது. புதிது வாங்கும் நிலையில் அக்கா வீடு இல்லை. என் பீரோவில் 2012இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு நின்றுபோயிருந்தது. அதன் பெரிய பேட்டரி உப்பிவிட்டதால், உப்பிய பேட்டரியை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று முன்பே கழற்றிக் கொடுத்துவிட்டேன். சார்ஜர் செருகியிருந்தால் மட்டுமே இயங்கும் நிலையில் கணினி இருந்தது. இந்தப் பேட்டரி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நிறுவுவதற்கு முன் செய்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயலி 64 பிட் வகைதானா என்று பார்த்தேன். நான் நிறுவ எண்ணிய லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகையின் முதன்மைப் பதிப்பு 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கு வருவதில்லை. 2 ஜிபி ரேமை 4 ஜிபியாக உயர்த்தினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலில் (வட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் குறிப்பு) படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை இரண்டு நாட்களுக்குள்ளேயே கூடியதைக் கண்டு, அதை நம்ப வேண்டாம் என்று முடிவுசெய்து 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் போட்டேன். லினக்ஸ் மிண்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அது பழைய கணினிக்கு இலகுவானது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். பதிவிறக்கிய ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை, 64 எழுத்துகளையும், தளத்தில் கொடுத்திருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த ஒப்பீட்டைத் தவிர்க்காதீர்கள். பாதியில் சிதைந்த கோப்பு சில நேரம் பூட் ஆகி, நிறுவலின் நடுவில்தான் நிற்கும். அப்போது குற்றம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வட்டையும் ரேமையும் சந்தேகிக்க நேரும்.

முதல் தடங்கல் பென்டிரைவில் வந்தது. அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு பென்டிரைவைத் தயாரித்தபோது, வட்டைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் முறைகளில் ஜிபிடி என்ற தெரிவை வைத்து, யூஇஎஃப்ஐ எனும் புதிய தொடக்க முறைக்கு மட்டும் பொருந்துமாறு எழுதியிருந்தேன். மடிக்கணினியின் பூட் பட்டியலில் அந்தப் பென்டிரைவ் தோன்றவே இல்லை. எஃப்2 விசையை அழுத்தி அமைப்புப் பக்கங்களுக்குள் சென்று பார்த்தால், பூட் முறை ‘லெகசி’, அதாவது பழைய முறை, என்று இருந்தது. அதை ‘யூஇஎஃப்ஐ’ என்று மாற்றிச் சேமித்ததும் பென்டிரைவ் பட்டியலில் வந்தது. பென்டிரைவை வேறு முறையில் எழுதுவதா, கணினியின் அமைப்பை மாற்றுவதா என்ற இரண்டு வழிகளில், புதிய முறைதானே நல்லது என்ற எண்ணத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் வந்த தொல்லை முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது.

இரண்டாவது தடங்கல் எளிதில் தீர்ந்தது. பட்டியலில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தவுடன் திரை கறுத்து அப்படியே நின்றது. ஆனால் பென்டிரைவின் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதாவது கணினி வேலை செய்துகொண்டிருக்கிறது, காட்சி மட்டும் வரவில்லை. பழைய கிராபிக்ஸ் சில்லுகளில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் திரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் கணத்தில் இப்படி நேர்வது உண்டு. மிண்ட்டின் தொடக்கப் பட்டியலிலேயே ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதில் சென்றதும் திரை வந்தது. நிறுவிய பிறகு முதல் தடவை மட்டும், இயங்குதளத்தைத் தொடக்கும் நிரலான கிரப்பின் பட்டியலில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்தித் தொடங்கினேன். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே பொருந்தும். எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றிய பின் அந்தச் சொல் தேவைப்படவில்லை. தேவைப்படாவிட்டால் அதை நிரந்தரமாக வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தால் கிராபிக்ஸ் சில்லின் முழுத் திறனும் கிடைக்காமல், வீடியோ பார்க்கும்போது செயலி வீணாகச் சூடாகும்.

ஞாயிறு மாலைக்குள் எல்லாம் தயார். பலமுறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டு, பர்கூரில் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை ஒரு நாள் ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை அந்த ஒற்றை வரி.

அடுத்த ஞாயிறு கணினியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பென்டிரைவைச் செருகினால், முன்போலவே அது பட்டியலில் இல்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பூட் முறை லெகசி என்று இருந்தது. சென்ற முறை மாற்றியதைச் சரியாகச் சேமிக்கவில்லை போலும் என்று நினைத்து மீண்டும் யூஇஎஃப்ஐ என மாற்றினேன். இங்கே நான் செய்த தவறைக் கவனிக்க வேண்டும். சேமிக்கவில்லை என்றால், அன்று அந்தப் பென்டிரைவிலிருந்து நிறுவியிருக்கவே முடியாது; ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் அந்த எண்ணம் அங்கேயே விழுந்திருக்கும். அதோடு, பென்டிரைவ் செருகப்பட்டு வரிசையில் முதலாவதாக இருந்ததால், கணினி நேரே அதற்குள் சென்றுவிட்டது. பென்டிரைவை எடுத்துவிட்டு ஒருமுறை தொடங்கிப் பார்த்திருந்தால், எஸ்எஸ்டியில் இருந்த மிண்ட் எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நின்றிருக்கும். அதைச் செய்யாமல், நிறுவல் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, பென்டிரைவிலிருந்து இயங்கிய மிண்ட்டின் வழியாக அவள் தட்டச்சு செய்திருந்த பாடக் குறிப்புகளை வேறொரு பென்டிரைவுக்கு எடுத்துவைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். குறிப்புகளை முதலில் எடுத்துவைத்தது ஒன்றே அன்று நான் செய்த சரியான காரியம்.

இன்னொரு அறிகுறியும் அன்றே கண்முன் வந்தது. பென்டிரைவிலிருந்து இயங்கியபோது ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்தது. சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. வைஃபையில் ஏதோ கோளாறு என்று கடந்துபோனேன். உண்மையில் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்ததால், தளங்களின் சான்றிதழ்கள் ‘இன்னும் நடப்புக்கு வராதவை’யாகத் தெரிந்திருக்கின்றன, இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொண்டதும் எச்சரிக்கை மறைந்திருக்கிறது. என் வீட்டு வைஃபை சாட்சியத்தை அழித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாரமும் இரண்டு நாட்களில் அதே கதை. இரண்டாம் ஞாயிறு பென்டிரைவை எடுக்காமல் நானே பர்கூர் போனேன். எஃப்2 அழுத்தி உள்ளே போனால் மறுபடியும் லெகசி. யூஇஎஃப்ஐ என மாற்றிச் சேமித்ததும் மிண்ட் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. இப்போது என் சந்தேகம் பிள்ளையின் மேல் திரும்பியது. ஏதாவது விசையை அழுத்தி உள்ளே போய் எதையாவது மாற்றினாயா என்று கேட்டேன். “நான் எதையும் தொடலை மாமா” என்றாள். நான் அதை நம்பாத முகத்தோடுதான் ஊர் திரும்பினேன். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது; ஏனென்றால் அவள் சொன்னது பொய்யல்ல என்பதோடு, அதுவே அந்தச் சிக்கலைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான தகவலும் ஆகும். யாரும் தொடாமலேயே அமைப்பு மாறுகிறது என்றால், அமைப்பை நினைவில் வைத்திருக்கும் பொருள் அதை மறக்கிறது என்பதுதானே பொருள்.

புதன்கிழமை மறுபடியும் நின்றது. போனில் வழிசொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று, எஃப்2 அழுத்தி முதலில் வரும் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நான் ஒவ்வொரு முறையும் அந்த முதல் பக்கத்தைத் தாண்டி நேரே பூட் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். படத்தில் தேதி 2012 ஜனவரி 1 என்றும் நேரம் 00:04 என்றும் இருந்தது. கடிகாரம் நான்கு நிமிடங்களுக்கு முன்புதான் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. நான்கு நிமிடங்களுக்கு முன் என்ன செய்தாய் என்று கேட்டேன். சார்ஜரைச் செருகினேன் என்றாள். ராத்திரி இடி மின்னல் இருந்தால் அம்மா சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கிறாள் என்றும் சொன்னாள். என் வீட்டில் அந்தச் சார்ஜர் செருகியபடியே கிடந்தது. காவேரிப்பட்டணத்துக்கும் பர்கூருக்கும் இருந்த வேறுபாடு இவ்வளவுதான்.

மடிக்கணினியின் தாய்ப்பலகையில் பொத்தான் வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். கடைகளில் இதைச் சீமாஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதும், என்னுடையதைப் போன்ற பழைய மாதிரிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் தாய்ப்பலகை மென்பொருள்) அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. பெரிய பேட்டரி இருக்கும்வரை பல மடிக்கணினிகள் அந்த வேலைக்கும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், சிறிய பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் வெளியே தெரிவதில்லை. பெரிய பேட்டரியைக் கழற்றிய கணினியில், சார்ஜரையும் பிடுங்கிவிட்டால், எல்லாப் பாரமும் அந்தப் பொத்தான் பேட்டரியின் தலையில் விழுகிறது. அது தாங்காதபோது அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. என் கணினியின் தொழிற்சாலை நிலை லெகசி. நான் நிறுவியிருந்ததோ யூஇஎஃப்ஐ முறையில்.

இந்த இரண்டு முறைகளும் வட்டில் தேடும் இடமே வேறு. லெகசி முறையில் பயாஸ் வட்டின் முதல் செக்டரான 512 பைட்டைப் படிக்கிறது. அதில் தொடக்க நிரலுக்கென இருப்பது 446 பைட் மட்டும், அங்கிருந்துதான் கிரப் தன் மீதிப் பகுதியைத் தேடிச் செல்ல வேண்டும். யூஇஎஃப்ஐ முறையிலோ, ஃபேட்32 வடிவில் உள்ள ஒரு சிறு பகிர்வுக்குள் கோப்பாக இருக்கும் பூட் நிரலை அது நேரடியாகத் திறக்கிறது. ஆகவே ஒரு முறைக்காக நிறுவியதை மற்ற முறையில் தேடினால், வட்டில் எல்லாம் நலமாக இருந்தும், இயங்குதளம் எதுவும் இல்லை என்றே கணினி சொல்லும். அந்தச் செய்தியைக் கண்டு மீண்டும் நிறுவத் துணிவதற்கு முன், எந்த முறையில் நிறுவினோம், இப்போது எந்த முறையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸில் கோப்பு மேலாளரைத் திறந்து, ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ என்று ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருக்கிறது, இல்லையென்றால் லெகசி.

மூன்றாம் ஞாயிறு, ஊகத்தை உறுதிசெய்யப் பணம் செலவில்லாத ஒரு சோதனை செய்தேன். தேதியைச் சரிசெய்து, யூஇஎஃப்ஐ என வைத்து, சார்ஜரை எடுக்காமலே மூன்று முறை அணைத்துப் போட்டேன்; மாறவில்லை. பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பல மணி நேரம் விட்டுச் செருகினேன். தேதி 2012க்கும், முறை லெகசிக்கும் போயிருந்தன. வட்டோடு பேசும் சாட்டா இணைப்பின் முறையும் கூடவே மாறியிருந்தது. லினக்ஸ் தன் பகிர்வை அதற்கே உரிய யூயூஐடி அடையாள எண்ணைக் கொண்டு தேடுவதால் அந்த மாற்றம் இதுவரை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. கணினியைத் திறந்து பேட்டரியை மல்ட்டிமீட்டரில் வைத்தபோது 1.9 வோல்ட் காட்டியது.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடிகாரக் கடையில் கிடைக்கும் சாதாரண சிஆர்2032 என் கணினிக்குப் பொருந்தவில்லை. அதிலிருந்தது, இரண்டு ஒயர்களும் சிறு கனெக்டரும் வைத்து உறை போட்ட வகை. பழைய ஒயர்களை வெட்டிப் புது பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள், லித்தியம் பேட்டரியின் மேல் அந்தச் சூடு பட்டால் வெடிக்கக்கூடும். கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடையில் சொல்லிவைத்து, ஒரு வாரத்தில் ஒயரோடு கூடிய பேட்டரியை 120 ரூபாய்க்கு வாங்கினேன்.

அந்த ஒரு வாரக் காத்திருப்பில் வேறொரு முடிவுக்கும் வந்தேன். புது பேட்டரியும் ஒருநாள் தீரும். அப்போது இவள் விடுதியிலோ வேறு ஊரிலோ இருக்கலாம். ஆகவே, அமைப்பு மறந்துபோனாலும் பூட் ஆகும்படி, கணினியின் தொழிற்சாலை நிலை எதுவோ அதே முறையில் நிறுவுவதே சரி என்று பட்டது. பென்டிரைவை லெகசிக்கு ஏற்ப எம்பிஆர் எனும் பழைய பகிர்வுத் தெரிவில் எழுதி, எஸ்எஸ்டியையும் எம்பிஆர் பகிர்வாக்கி, மூன்றாம் முறையாக நிறுவினேன். யூஇஎஃப்ஐயில் நன்மைகள் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே இயங்குதளம், 2 டிபிக்கும் மிகக் குறைவான வட்டு, கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியே இல்லாத கணினி என்று இருக்கையில் அந்த நன்மைகள் எதுவும் இங்கே பயன்படப் போவதில்லை. உங்கள் கணினியின் தொழிற்சாலை நிலை யூஇஎஃப்ஐ என்றால், நிறுவலும் யூஇஎஃப்ஐயிலேயே இருக்கட்டும். எஃப்2 பக்கங்களில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் தெரிவை முதலில் ஒருமுறை அழுத்தி, அது எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு நிறுவலைத் தொடங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

இதற்குப் பின் அலுவலகத்தில் இரண்டு பேருடைய பழைய கணினிகள் என்னிடம் வந்தன. இரண்டிலும் நான் எதையும் தொடுவதற்கு முன், திரையில் கடைசியாக நின்ற வரியைப் படமெடுத்துக்கொண்டேன். அந்த வரி, பொறுப்பு யார் கைக்கு மாறும்போது வேலை நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒன்றில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றது: பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, கிரப்பின் தலைப்பகுதியும் வந்துவிட்டது, தன் மீதிக் கோப்புகள் இருக்கும் பகிர்வு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. அவர் இடம் போதவில்லை என்று ஒரு பகிர்வை அழித்திருந்தார். ‘ரெஸ்க்யூ’ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘கிரப்’ என்று நின்றால், கோப்புகள் கிடைத்துவிட்டன, பட்டியல் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை என்று கொள்ள வேண்டும். இரண்டாவது கணினி ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றது. அங்கே கர்னலே வந்தாயிற்று. மின்தடையில் சட்டென்று அணைந்ததால் கோப்பு முறைமையில் பிழை சேர்ந்து, கையால் சரிபார்க்கச் சொல்லி மேலே எழுதியிருந்தது. அது சொன்ன பகிர்வின் பெயரைக் கொடுத்து எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டியதும் எழுந்துவிட்டது. அவருடைய வட்டின் ஸ்மார்ட் தகவலையும் பார்த்து, அது நலமாக இருந்த பிறகே திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை நேரத்தோடு நோட்டில் எழுதுவது, சார்ஜரைப் பிடுங்கி வைத்தும் ஒருமுறை பார்ப்பது ஆகிய மூன்றையும் இப்போது விடாமல் செய்கிறேன். அக்கா மகளின் கணினிக்கு அடியில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறேன்: பூட் முறை லெகசி, நிறுவிய நாள், சீமாஸ் பேட்டரி மாற்றிய மாதம். அவளிடம் நேரில் வருத்தமும் தெரிவித்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய், நான்கு நாட்கள் சார்ஜர் இல்லாமல் கிடந்த கணினியைத் திறந்த அன்று, நான் கேட்காமலே அந்த முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அதில் அன்றைய தேதி இருந்தது. நேரமும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது.